முன்சக்கரத்தில் குறைந்த எடை

1. மூன்றாம் நாள்

டெலிவரி கொடுத்த மூன்றாம் நாள் காலையே டாக்டரம்மா வண்டியைப் பட்டறை வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். இறங்கியதும் முதலாளியைத் தேடவில்லை, என்னிடம்தான் வந்தார்.

"மேஸ்திரி, ஸ்டியரிங் கையில லேசா சுத்துது, ஆனா வண்டி யோசிச்சுட்டுத்தான் திரும்புது. நேத்து வாய்க்கால் கரையில மயிரிழையில தப்பிச்சோம். நர்ஸம்மா இனிமே ஏறமாட்டேங்கறாங்க."

மாயவரத்தில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் நான் அப்போது தச்சு மேஸ்திரி. சென்னையில் ஆட்சி மாறி, கழக அரசு வந்திருந்தது. இங்கே அறுவடைக் கூலித் தகராறு ஓயவில்லை. மிராசுதார்கள் ஒரு பக்கம், விவசாயத் தொழிலாளர்கள் ஒரு பக்கம். டாக்டர் ரெஜினா ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்ப்பவர். மிராசுதார் வீட்டில் தங்கினால் தொழிலாளர் தெருவிலிருந்து யாரும் வைத்தியத்துக்கு வரமாட்டார்கள். தெருவிலோ ஒரு குடிசையிலும் கூடுதலாக ஆள் படுக்க இடமில்லை. அதனால் பிக்கப்பின் முதுகில் ஓர் அறையே கட்டித் தரச் சொன்னார். இரண்டு படுக்கை, மருந்து அலமாரி, இருநூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி. தொட்டியை அறையின் கடைசியில், கதவோரம் வைத்திருந்தேன். குழாய் திறக்க வசதி என்று நினைத்தேன்.

முதலாளிக்குக் கோபம். "ஆர்சி புக்ல 2,600 கிலோ வரைக்கும் போட்டிருக்கு. நாம அதுக்குள்ளதான கட்டியிருக்கோம்? ஓட்டறதுலதான் கோளாறு."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரம் கூடினால் ஸ்டியரிங் கனக்க வேண்டும். இவர் லேசாகிவிட்டது என்கிறாரே, அது எப்படி? அன்று வேறு வேலை ஓடவில்லை. நிறுத்தே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினோம்.

2. மில் மேடை

லாரி நிறுக்கும் மேடை பக்கத்தில் ஒரு நெல் மில்லில்தான் இருந்தது. மில்காரர் மிராசுதார். அவர் வயலில் அந்த வாரம் ஒருவரும் இறங்கவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இது அந்தத் தெருவுக்குப் போற வண்டிதானே?"

"ஆமாங்க. கூப்பிட்டா உங்க தெருவுக்கும் வரும்" என்றார் டாக்டரம்மா.

மில்காரர் பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். திருப்பி அனுப்பிவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு, "சரி, ஏத்துங்க" என்றார்.

தொட்டி நிறையத் தண்ணீர், அலமாரி நிறைய மருந்து, டாக்டரம்மா, நின்ற வண்டியில் மட்டும் ஏறச் சம்மதித்த நர்ஸம்மா எல்லாம் சேர்த்து 2,590 கிலோ. பத்து கிலோ மிச்சம். முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வண்டியைப் பின்னுக்கு எடுத்து, முன்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தச் சொன்னேன். 640. அறை கட்டுவதற்கு முன் காலி வண்டியை இதே மாதிரி நிறுத்திருந்தோம். அப்போது முன்பக்கம் 800. ஆயிரம் கிலோவுக்கு மேல் ஏற்றியும் முன்பக்கம் 160 கிலோ இளைத்திருந்தது. பின் அச்சில் 1,950. அது தாங்கக்கூடியது 1,700 என்று டிரைவர் கதவுத் தகட்டில் அடித்திருந்தது. நாங்கள் யாரும் அந்தத் தகட்டைப் படித்திருக்கவில்லை.

மில்காரர் கிட்டே வந்துவிட்டார். "பாரம் ஏத்துனா முன்னாடி எப்படிங்க குறையும்?" என்று கேட்டவர், நாங்கள் வாய் திறக்குமுன் அவரே சொன்னார். "அட, பின்பாரம்! மாட்டு வண்டியில மூட்டையைப் பின்னால தள்ளி அடுக்குனா நுகத்தடி மேல தூக்கிக்குமே, அதேதான். உங்க தொட்டி பின்சக்கரத்தைத் தாண்டியில்ல தொங்குது?"

கீழே குனிந்து பார்த்தேன். தொட்டி, அலமாரி, கதவு எல்லாமே பின் அச்சுக்கு வெளியே இருந்தன. அவ்வளவும் சேர்ந்து வண்டியின் மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, விஷயம் பிடிபட்ட சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது.

3. பிரித்துக் கட்டியது

அறையின் வாலில் ஒன்றரை அடியை அறுத்தோம். அலமாரியை முன்னால் நகர்த்தினோம். தொட்டியை டிரைவர் கேபினுக்கு ஒட்டி வைக்க முடிந்தது. ஆனால் அங்கே நூறு லிட்டருக்குத்தான் இடம். எதை விடுவது என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன்.

"தொட்டியைப் பாதியாக்குங்க. தெருவுல அவங்க குடிக்கிற தண்ணியைக் காய்ச்சி நாங்களும் குடிச்சுக்கறோம்" என்றார். நர்ஸம்மா தலையை ஆட்டினார்.

மறுபடி மில் மேடை. முன்னால் 865, பின்னால் 1,565. மொத்தம் 2,430. மில்காரர் சீட்டைத் தானே எழுதி, தானே வந்து கொடுத்தார். அவருடைய வயலில் அன்றும் ஆள் இறங்கவில்லை.

"இன்னும் 170 கிலோ இடம் இருக்கு. ஏதாவது வச்சுக்கறீங்களா டாக்டரம்மா?" என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்துக் கதவுக் கொண்டி மாற்ற வந்தார். ஸ்டியரிங் எப்படி என்று கேட்டேன்.

"கையில நிக்குது மேஸ்திரி. முந்தாநாள் ஒரு பொண்ணுக்கு வலி கண்டு, குழந்தை குறுக்க கிடந்துச்சு. உள்ள படுக்க வச்சு அதே வாய்க்கால் கரையிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். மாமியாரும் கூட ஏறிக்கிட்டாங்க. ரெண்டு உசுரும் பிழைச்சுது."

கொண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பழைய கணக்கை மனதில் போட்டுப் பார்த்தேன். இரண்டு படுக்கை, மருந்து, தண்ணீர், டாக்டர், நர்ஸ் என்று எல்லாவற்றையும் கூட்டி, பத்து கிலோ மிச்சம் என்று சொன்னோம். அந்த முதல் கணக்கில் நோயாளியே இல்லை. டாக்டரம்மா காலியாக விட்ட 170 கிலோவில்தான் அந்தப் பெண்ணும் மாமியாரும் ஏறியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளுக்குப் பாடி கட்டினேன். அளவு நாடாவை எடுக்கும் முன் வண்டிக்காரரிடம் ஒன்றைக் கேட்டுவிடுவேன்: இதில் யார் ஏறப் போகிறார்கள்?