கை தைக்காத கோட்டு

"பெரியப்பா, அப்பா போயிட்டாரு" என்று புசல்லாவை டெய்லர் ராசுவின் மகன் போனில் அழுதபோது, "என் கோட்டு முடிஞ்சிச்சாடா?" என்றுதான் கேட்டேன். என்னைக் கல்நெஞ்சன் என்று எண்ணாதீர்கள். ராசுவிடம் துணி கொடுத்த எவரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். "கை மட்டும் பாக்கி, பெரியப்பா" என்றான் பையன்.

கண்டிச் சீமையிலேயே ராசுவைப்போல் கத்தரி பிடித்தவன் இல்லை. அதை முதலில் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவன் நான். வேலையைத் தள்ளிப்போடுவதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை. கேட்டால், "நேரம் கழுத்தப் பிடிச்சாத்தாண்ணே எனக்குக் கை ஓடும்" என்பான். நாங்களும் நம்பினோம்.

என் மகள் சாந்தியின் கல்யாணத்துக்கு எங்கள் ஊர் கலஹாவே திரண்டது. கூட்டத்தில் பேராதனை பஸ்கூட நகரவில்லை. தாலிக்கு முன், மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறைச் சேலைக்கு அவள் மாறிவரவேண்டும். அதற்குரிய சட்டையோ மாதக்கணக்காக ராசுவிடம் துணியாகவே கிடந்தது. கடைசியில் மண்டபத்தின் பின்னறையில் மெசினைப் போட்டுத் தைத்தான். "நேரம் போகுது, பொண்ணக் கூட்டிட்டு வாங்க!" என்று ஐயர் கத்தக் கத்த, அவன் மெசினை இன்னும் வேகமாக மிதித்தான். சட்டையின் வலக்கையை இடப்பக்கமும் இடக்கையை வலப்பக்கமும் பொருத்திவிட்டான்.

மாலை மாற்றும்போது சாந்திக்குக் கை மார்புக்குமேல் எழவில்லை. மாப்பிள்ளை ஆறரை அடி, நானே தேடிப்பிடித்தவர். அவள்முன் முழங்காலை மடித்துக் குனிந்தார். சம்பந்தியம்மா சபை கேட்க, "தாலி ஏறுறதுக்கு முன்னாலேயே என் மகனக் குனிய வச்சிட்டா!" என்றார். சிரிப்பில் மண்டபக் கூரைத் தகரம் கழன்றது. அந்தப் பேச்சைச் சாந்தி புகுந்த வீட்டில் இன்றும் கேட்கிறாள். ராசுவோ பாயாசக் கோப்பையோடு வந்து, "பாத்தீங்களாண்ணே, முகூர்த்தத்துக்குள்ள முடிச்சிட்டேன்ல!" என்றான்.

நெஞ்சுவலிக்கும் அதே கதைதான். "டாக்டர்கிட்ட போடா" என்றேன். "தீபாவளித் தையல் முடியட்டும்ணே" என்றான். தீபாவளிக்கு முன்பே மெசின்மேல் சரிந்தான். நேரம் நிஜமாகவே கழுத்தைப் பிடித்தது; கை ஓடவில்லை.

செத்த வீட்டுக்குச் சாந்தியும் வந்தாள். பெட்டியருகே நின்று, மாலையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தாள். "பாருங்க சித்தப்பா, இப்பக் கை தூக்குது" என்றாள். பிறகு அவன் மார்பில் போட்டாள். அன்று மண்டபத்தில் சிரித்தவர்களெல்லாம் நிலத்தைப் பார்த்தார்கள்.

கையில்லாத அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். என் உடம்புக்கு அச்சாகப் பொருந்தியது; மந்திரிக்குக்கூட அப்படி ஒன்று வாய்க்காது. இப்போது அது என் அலுமாரியில் இருக்கிறது. வேறு டெய்லரிடம் கொடுத்துக் கை வைக்கவேண்டும். நாளைக்குப் பார்க்கலாம்.