அல்பீன் ஃபெஸ்லரின் வலது கை

அல்பீன் ஃபெஸ்லர் பால் லாரி ஓட்டுகிறவர். எங்கள் மலையூரான ஷ்வெண்டிவில்லில் அவரைவிட நேர்மையான ஆள் கிடையாது என்பார்கள். அதே வாயால், ஒரே விஷயத்துக்கு ஆமாம் என்றும் இல்லை என்றும் ஓட்டுப் போட்டவர் அவர் என்பார்கள். இரண்டும் உண்மை.

எங்கள் ஊரில் ஓட்டுப்பெட்டி கிடையாது. மே மாதம் தேவாலயத்துக்கு முன்னால் கயிறு கட்டுவோம். கயிற்றுக்குள் நின்று ஊரே கையைத் தூக்கும்; எந்தப் பக்கம் அதிகம் என்று மேடையிலிருந்து தலைவர் கண்ணாலேயே பார்த்துச் சொல்வார். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால், எண்ணுவதற்கு ஒருவரை ஊரே கை தூக்கித் தேர்ந்தெடுத்து மேடையேற்றும். ஆண்கள் பரம்பரை வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு வருவார்கள். வாள்தான் ஓட்டுரிமைச் சீட்டு. அன்று காலை அதை எண்ணெய் போட்டுத் துடைக்கும் அல்பீனைப் பார்த்தால் கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

போன வருஷத் தகராறு பொதுக் கழிப்பறையைப் பற்றியது. கட்டலாம் என்பவர்கள் கை தூக்கியபோது அல்பீனின் வலது கை விருட்டென்று வானத்துக்குப் போனது. வேண்டாம் என்பவர்கள் முறை வந்தது. மறுபடியும் போனது.

பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடை சோலெஸ்டீன் கத்தினார். "யோவ், இவன் ரெண்டு பக்கமும் தூக்கறான்யா!"

"நான் தூக்கலை. அதுவா போச்சு."

"அதுவா போறவங்களுக்குத்தானேப்பா கழிப்பறையே கேக்கறோம்!"

ஊர் சிரித்தது. ஆனால் இரட்டை ஓட்டு சிரிக்கிற குற்றமில்லை. ஆயுளுக்கும் வாளை வீட்டில் வைத்துவிட்டுக் கயிற்றுக்கு வெளியே, சுற்றுலாப் பயணிகளோடு நிற்க வேண்டும். தலைவர் கொன்ராட் அல்பீனின் தாய்மாமன் மகன். "மச்சான், அடுத்த மே வரைக்கும் டயம் தர்றேன். காரணம் இருந்தா கொண்டா. இல்லேன்னா வாளைக் கழட்டிடு" என்றார்.

காரணம் சின்ன வயதிலிருந்தே கூடவே இருந்தது. ஆளுக்கொரு பெயர்தான் வைத்திருந்தார்கள். ஆறு வயதில் கண்ணைக் கண்ணைச் சிமிட்டினார், கண்ணாடி போட்டார்கள். மூக்கை உறிஞ்சினார், தொண்டைச் சதையை வெட்டி எடுத்தார்கள். தோள் குலுங்கியது, தையற்காரரைத் திட்டினார்கள். கை மேலே போக ஆரம்பித்தபோது வாத்தியார் அவரைக் கெட்டிக்காரப் பையன் என்று நினைத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் அவரையே எழுப்பினார். பெரியவரானதும் சத்திரத்தில் கை போகும்போதெல்லாம் பீர் வந்தது. குடிகாரன் என்ற பெயரும் வந்தது.

மனைவி இடா அவரை நகரத்து நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா முன்னால் அல்பீன் செதுக்கி வைத்த சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். கை அசையவே இல்லை.

"ஏங்க, இப்பப் பார்த்து ஒழுங்கா உக்காந்தா எப்படி? தூக்குங்க!"

"வரமாட்டேங்குதே!"

"பரவாயில்லை, என் முன்னாடி பாதிப் பேருக்கு வராது" என்றார் டாக்டரம்மா. "வர்றதுக்கு முன்னாடி உள்ளே எப்படி இருக்கும்?"

அல்பீன் யோசித்தார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. "தும்மல் வர்ற மாதிரி. அடக்கலாம். அடக்க அடக்க உள்ளே சேரும். லாரி ஓட்டறப்போ மட்டும் வராது."

"குடும்பத்துல வேற யாருக்காவது உண்டா?"

"யாருக்கும் கிடையாது."

"கொன்ராட் அண்ணனுக்கு?" என்றாள் இடா.

கொன்ராட் பேசுமுன் மோவாயை வெடுக்கென்று அசைத்து, "க்ஹும், க்ஹும்" என்று செருமுவார். முந்தைய தலைவரான அவர் அப்பாவும் அப்படித்தான். பதிலுக்குக் கூட்டமே செருமும். அது எங்கள் ஊர் மரபு.

"அது தலைவருக்கு உள்ள கம்பீரம்டி."

"கோழிக்குத் தீனி போடறப்பவும் கம்பீரமா?"

டாக்டரம்மா சிரிக்காமல் விளக்கினார். சின்ன வயதில் ஆரம்பம், பல வகை அசைவுகள், ஒரு சத்தமாவது, வருஷக்கணக்கில் வந்தும் போயும் இருப்பது. இதற்கு டூரெட் என்று பெயர். ரத்தத்திலும் தெரியாது, படத்திலும் தெரியாது, விசாரித்துத்தான் தெரியும். அல்பீனுக்கு ஏமாற்றம். "இவ்வளவு தூரம் வந்து ஒரு ஸ்கேன்கூட இல்லையா?"

மே மாதம் டாக்டர் சான்றிதழைக் கொன்ராட் உரக்கப் படித்தார். சோலெஸ்டீன் விடவில்லை. "கை அவன் பேச்சைக் கேக்காதுன்னா அது அவன் கை இல்ல. அவன் கை இல்லேன்னா அந்தக் கைக்கு ஏதுய்யா ஓட்டு?"

இதில் ஏதோ ஓட்டை இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. வேறு வழியின்றி ஓட்டுக்கு விட்டார்கள்.

"க்ஹும், க்ஹும். அல்பீனோட உரிமையைப் பறிக்கணும்ங்கறவங்க?"

முதலில் மேலே போனது அல்பீனின் கை. கையைப் பற்றிப் பேசினாலே கை வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு மணி நேரமாக ஊர் வேறெதையும் பேசவில்லை. பறிக்கக் கூடாது என்றபோதும் போனது. எத்தனை முறை தூக்கச் சொல்லியும் இரண்டு பக்கமும் சமமாகவே தெரிந்தது.

அப்போது இடா கூவினாள்: "ஓட்டு எண்ற வேலைக்கு இவரைப் போடுங்க! எண்றவருக்கு ஓட்டு இல்ல. ஆனா வாள் உண்டு, மேடையும் உண்டு!"

கூட்டம் அசந்துபோனது. பிறகு காடாகக் கை தூக்கியது. அல்பீன் தனக்குத் தானே ஓட்டுப் போட்டதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

"எனக்கு வேண்டாம் மச்சான். எனக்கு ஓட்டுத்தான் வேணும்."

"தேர்ந்தெடுத்தா ஏத்துக்கணும். வேண்டாம்னு சொல்ல நம்ம ஊர்ல சட்டமில்ல. ஏறு மேலே."

இப்படியாக, ஓட்டுரிமையைக் காப்பாற்றப் போனவர் ஓட்டைப் பறிகொடுத்துப் பதவியோடு நின்றார். அடுத்தது மறுபடியும் கழிப்பறை. அல்பீன் உதடு அசைய, லாரி ஓட்டும் அதே முகத்தோடு எண்ணினார். கை இடுப்பு வாளின் மேல் கிடந்தது. ஒரு தடவைகூட எழவில்லை. கீழே கண் இமைக்காமல் காத்திருந்த சோலெஸ்டீன் கழிப்பறைக்குக் கை தூக்கவே மறந்துபோனார்.

"பாவி மனுஷா, இதைப் போன வருஷம் செஞ்சிருக்கக் கூடாதா?" என்றாள் இடா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கழிப்பறை ஒரே ஒரு கை வித்தியாசத்தில் தோற்றது. கொன்ராட் செருமினார். ஊரும் செருமியது.

பிறகு எல்லோரும் சத்திரத்துக்குப் போனோம். வாளைக் கழற்றாமலே உட்கார்ந்த அல்பீனின் கை கூரையைப் பார்த்துப் போனது. பரிமாறுகிற பெண் பீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் கேக்கலைம்மா. எனக்கு டூரெட்."

"தெரியும், டாக்டர் எழுதினதைப் படிச்சாங்களே. குடிங்க."