உயிரோடு இருப்பவரின் படத்துக்கு மாலை

அன்று சாப்பாட்டு மேசைக்கு நாங்கள் நான்கு பேர்: ஆஸ்திரேலியாவில், ஃப்ரீமான்டிலில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், நான், எட்டு மாதக் கர்ப்பிணியான என் மனைவி, பிரசவத்துக்காக ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த அம்மா. வராதவர் வீட்டுக்காரரின் மகள். வாடகை, லீஸ் ஒப்பந்த விவகாரமெல்லாம் பார்ப்பது அவர்தான். லீஸ்படி இரண்டு பேர்தான் குடியிருக்கலாம். விருந்தாளி இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது. அம்மா ஆறு மாதம் தங்கலாமா என்று மெயில் அனுப்பியிருந்தேன். அப்பாவைக் கேளுங்கள் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த அப்பாவே எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டதால், சாப்பிட்டு முடித்ததும் கேட்டுவிடுவது என்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம்.

அவர் போர்ச்சுகல்காரர். எங்களுக்கு அங்கிள். வருஷா வருஷம் ஏப்ரல் இருபத்தைந்து அன்று விருந்து வைப்பார். வருகிறவர்கள் சட்டையில் ஒரு சிவப்பு கார்னேஷன் பூவைச் செருகிக்கொள்ள வேண்டும். பூங்கொத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவர் சூப்பைக் கிளறப் போனார். நான் தட்டு எடுத்து வைக்கப் போனேன்.

அம்மா கையில் பூவைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். காம்புகளைக் கிள்ளிவிட்டு, பையிலிருந்த நூலை எடுத்து நெருக்கமாகக் கட்டிவிட்டாள். சுவரில் ராணுவ உடையில் ஓர் இளைஞனின் படம். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது படத்துக்கு மாலை போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சண்டைக்குப் போன பையனாட்ட இருக்குது. பாவம், சின்ன வயசு" என்றாள்.

"அத்தை, அது அங்கிளோட போட்டோ" என்றாள் என் மனைவி மெதுவாக.

அம்மா பதறிப்போய் மாலையைக் கழற்றக் கை நீட்டினாள். அதற்குள் அங்கிள் கரண்டியும் கையுமாக வந்து, என்ன விஷயம் என்றார். வேறு வழியில்லை. எங்கள் ஊரில் படத்துக்கு மாலை போட்டால் அந்த ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம் என்று சொன்னேன். அம்மாவுக்குத் திரும்பும் டிக்கெட்டை மாற்ற வேண்டியதுதான் என்று உள்ளுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

அங்கிளோ மாலை இருக்கட்டும் என்றார். பிறகு உட்கார்ந்து சொன்னார்.

அந்தப் படம் 1974 மார்ச்சில் எடுத்தது. ஆப்பிரிக்காவில் அவர் நாடு பல வருஷமாகப் போர் நடத்திக்கொண்டிருந்தது. ஜூனில் அங்கோலாவுக்குக் கிளம்பச் சொல்லி அவருக்கு உத்தரவு. ஒருவேளை திரும்பி வராவிட்டால் வீட்டில் இருக்கட்டும் என்று அவருடைய அம்மா எடுக்க வைத்த படம். ஏப்ரல் இருபத்தைந்து காலையில், யாரும் வெளியே வராதீர்கள் என்று ரேடியோ சொன்னது. ஊரே வெளியே வந்தது. ராணுவத்துக்காரர்களே சர்வாதிகார அரசாங்கத்தைக் கவிழ்த்திருந்தார்கள். துப்பாக்கிக் குழலில் ஜனங்கள் இந்தப் பூவைச் செருகினார்கள். புதிதாக வந்தவர்கள் போரை முடிக்கப் பார்த்ததால் அவருடைய பயணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் ரத்தானது.

அந்த ஒரு வருஷம் போல அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை என்றார். அதுவரை ரகசியப் போலீசுக்குப் பயந்து பக்கத்து மேசையில் யார் என்று பார்த்துப் பேசியவர்கள் காபிக் கடைகளில் கத்திச் சண்டை போட்டார்கள். இன்று இருக்கும் அமைச்சர் நாளை இருப்பாரா என்று தெரியாது. பயமும் இருந்தது, தூக்கம் கெட்ட சந்தோஷமும் இருந்தது. சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே தேதியில் தேர்தல். எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய அம்மா அன்றுதான் முதல்முறையாக ஓட்டுப் போட்டார். அதற்கு முன் அப்படிப்பட்டவர்களுக்கு ஓட்டுக் கிடையாது.

நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்ததை அம்மா இங்கே நிறுத்தினாள்.

"படிக்கத் தெரியாட்டி ஓட்டு இல்லீங்களா? சின்னத்தப் பாத்துக் குத்தறதுக்கு எதுக்குங் கண்ணு படிப்பு?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா இன்றும் கைநாட்டுதான். ஆனால் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. படித்தவர்களுக்குக் கிடைத்ததில் குறைவில்லாமல் அவளுக்கும் கிடைத்தது அது ஒன்றுதான். அதற்காக யாருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அம்மா கேட்டதைச் சொன்னதும் அங்கிள் சிரித்துவிட்டார். அந்தச் சீட்டிலும் சின்னம் இருந்தது, தன் அம்மாவும் அதைப் பார்த்துத்தான் போட்டார் என்றார். உங்கள் அம்மா எந்தச் சின்னம் என்று கேட்டார்.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுங்க" என்றாள் அம்மா.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் லீஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டேன். அவர் படத்தைப் பார்த்தார். அந்த வருஷம் வராமல் போயிருந்தால் உங்கள் அம்மா செய்ததுதான் சரியாக இருந்திருக்கும் என்றார். அம்மா இருக்கட்டும், மகளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். வாடகை கூட்டிக் கேட்பாரோ என்று தயங்கினேன். அடுத்த ஏப்ரலுக்குப் பூ உங்களுடையது, காம்போடு வேண்டும் என்றார்.

அம்மா ஆறு மாதமும் இருந்து, குழந்தை குப்புற விழுந்ததையும் பார்த்துவிட்டுத்தான் போனாள். இந்த ஏப்ரலில் நான் பூ வாங்கக் கிளம்பும்போது போனில் கூப்பிட்டு, "அந்தப் படத்துப் பக்கம் போயிராத கண்ணு" என்றாள். இரண்டு கொத்து வாங்கினேன். அம்மா எங்களோடு இருந்ததற்கு ஆன மொத்தச் செலவு, வரியோடு சேர்த்து, பதினேழு டாலர் ஐம்பது சென்ட்.