பெரியப்பாவுக்கு எதிராக நான் வாசித்த பிரகடனம்

பிள்ளைகளே, இந்த நினைவு மலரில் மற்றவர்கள் பெரியப்பாவின் நற்குணங்களை என்னைவிட நன்றாக எழுதியிருப்பார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு வெட்கமான ஒன்றையே எழுதுகிறேன். தமிழ் கஷ்டமென்றால் மெதுவாக வாசியுங்கள்.

உங்கள் பெரியப்பா, என் அண்ணை, மன்னாரில் பிறந்தார். எங்கள் அப்பா படுக்கையில் விழுந்தபின் படிப்பை விட்டு எங்களை வளர்த்தார். டென்மார்க்குக்கு முதலில் வந்து, பிறகு என்னையும் அங்கே எடுப்பித்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே, தலைநகருக்குப் பக்கத்திலுள்ள புரொண்பியில் தமிழ்ச் செபக்குழுவைத் தொடங்கினார். கிறிஸ்மஸ்கால ஒளிவிழா, மாதா திருநாள் எல்லாம் அங்கேதான். நாங்கள் குடியிருந்த சில்க்போர்க்கிலிருந்து கடற்பாலம் கடந்து மணிக்கணக்காய் ஓடிப்போவோம். நீங்கள் காரில் சத்தியெடுத்தது மறந்திருக்காது.

சில்க்போர்க்கார் தனிக்குழுவாகப் பிரிவதென்று ஒரு வருடம் முடிவெடுத்தோம். மகள், அப்போதுதான் குடியேற்ற நாடுகள் பேரரசை விட்டுப் பிரிய எப்படிக் காரணம் சொன்னார்கள் என்று நீ பள்ளியில் படித்தாய். அமெரிக்கர் முதலில் மனிதரின் உரிமையைச் சொல்லி, பிறகு அரசர் செய்த குற்றங்களை அடுக்கி, பலமுறை பணிந்து கேட்டும் அவர் செவிசாய்க்கவில்லை என்று உலகத்துக்கு அறிவித்தே பிரிந்தார்கள் என எனக்கும் விளங்கப்படுத்தினாய். எனக்கு அந்த ஒழுங்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அப்படியே எழுதினேன். அரசரின் இடத்தில் பெரியப்பாவை வைத்தேன்.

ஒளிவிழா முடிவில் எழுந்து, அமெரிக்கர் அரசரை விட்டுப் பிரிந்ததுபோல நாங்களும் பிரிகிறோம் என்று தொடங்கி வாசித்தேன். “அவர் எங்கள் பிள்ளைகளின் பாட்டுகளைக் கடைசியில் போட்டார். அவர் எங்கள் தூரத்தை நினைத்துப் பார்க்கவில்லை. பலமுறை பணிவாகக் கேட்டோம். அவர் செவிசாய்க்கவில்லை.”

“ராசாவுக்கு ஆராவது ஒரு முடி வாங்கிக் குடுங்கோவன்!” என்று பின்னால் ஒருவர் கத்த, மண்டபம் சிரித்தது.

பெரியப்பா சிரிக்கவில்லை. “தம்பி, எப்ப கேட்டனீங்கள்?” என்றார்.

நாங்கள் கேட்டதே இல்லை. ஒருமுறைகூட இல்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

“கேட்டிருந்தா நானே வந்து நடத்தித் தந்திருப்பன். சரி, பிரியிறது உங்கட உரிமை. அதை ஆர் மறிக்கிறது? ஐஸ்லாந்துச் சனம் டென்மார்க்கை விட்டுப் போகேக்கை, ஒப்பந்தம் முடிஞ்சுது, வாக்குப் போட்டம், போறம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவை. ஆரையும் கெட்டவனாக்கேல்லை. இஞ்சத்தை டென்மார்க் ராசாவும் வாழ்த்து அனுப்பினவர். நானும் அனுப்பிறன்.”

அடுத்த கிழமை தன் ஆர்மோனியத்தைக் காரில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். “புதுக்குழுவுக்குச் சுருதி வேணுமெல்லே” என்றார். எங்கள் முதல் ஒளிவிழாவில் கடைசி வரிசையில் இருந்து கை தட்டினார். அவரை மேடைக்கு அழைக்க எனக்கு முகமில்லை. பிறகு மன்னிப்புக் கேட்கப் போன நாளெல்லாம் காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பினேன். நோயில் கிடந்தபோதும் “குழு எப்பிடிப் போகுது?” என்றுதான் விசாரித்தார். “பரவாயில்லை அண்ணை” என்று மட்டும் சொன்னேன்.

அவரை முகம் சுளிக்காமல் பராமரித்த தாதிமாருக்கும், சோறு கறி கொண்டுவந்த, அவர் குடியிருந்த ஹ்விடோவ்ரே அயலவர்களுக்கும், சவப்பெட்டியைத் தோளில் சுமந்த புரொண்பி, சில்க்போர்க் இளைஞர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்கு மண்டபத்துக்குப் போனார்கள். நான் மட்டும் கல்லறைக்குத் திரும்பிவந்து, குளிர்தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த வருடம் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்:

“அண்ணை, இந்தமுறை ஒளிவிழாவைச் சில்க்போர்க்கிலை வைப்பமோ?”