புள்ளிகளுக்குள் ஒரு எண்

ராணுவப் பள்ளியைச் சுற்றிப் பார்க்க மாமா என்னைக் கூட்டிப்போனபோது எனக்குப் பத்து வயது. அங்கே சேர வேண்டும் என்பது எனக்கு ஆசை, மாமாவுக்கு வெறி. அவர் அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்று சேர்க்க வேண்டும். "கண்ண மூடிக்கினே போடுவேன்டா" என்று பீற்றிக்கொள்வார்.

பள்ளியின் கேட்டில் காவலரைப் பார்த்ததும் மாமா இரண்டு கைகளையும் தூக்கி, காலை அகட்டி நின்றார். கம்பெனி வாசலில் தினமும் தடவிப் பார்ப்பார்களே, அந்தப் பழக்கம்.

"கைய எறக்குண்ணா, இது கம்பெனி இல்ல" என்று காவலர் சிரித்தார்.

நான் அவரோடு வராதவன் மாதிரி பத்தடி தள்ளி நடந்தேன்.

விடுதியில் போர்வைகள் செங்கல் போல மடிந்திருந்தன. "எந்தக் கட்டிலு வேணும், இப்பவே பாத்துக்க மாப்ள." ஜன்னலோரம் ஒன்றைப் பிடித்துவைத்தேன்.

விண்ணப்பம் வாங்கும் முன் கண் பரிசோதனை. டாக்டரம்மா விரித்த பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். உள்ளே என்ன எண் என்றார். எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. அடுத்த பக்கத்திலும் அதேதான். வீட்டுப்பாடத்துக்குக் கேட்காமலேயே விடை சொல்கிற மாமா, பின்னால் நின்றுகொண்டு முணுமுணுக்கக்கூட இல்லை. டாக்டரம்மா புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"கண்ணாடி எடுத்தாரல மேடம்."

அவர் கண்ணாடி போட்டு நான் பார்த்ததே இல்லை.

நிறம் பிரித்துப் பார்க்க வராத பையனைச் சேர்க்க மாட்டார்கள் என்று டாக்டரம்மா புத்தகத்தை மூடினார்.

"வாயில கொழுக்கட்டையா வச்சினு இருந்த?" என்று பஸ்ஸில் அழுதேன். இருங்காட்டுக்கோட்டை தாண்டியதும் மாமா என் காதருகே குனிந்தார்.

"யாரு கேட்டாலும் ஹைட்டு பத்தலன்னு சொல்லு. கண்ணுன்னு சொல்லாத."

மறுநாள் எங்கள் தெருவில் குடியிருந்த அவருடைய சூப்பர்வைசர், "இன்னாடா, மிலிட்டரி?" என்றார். என் ஜன்னலோரக் கட்டில் போன கோபம் எனக்கு.

"புள்ளி புள்ளியா புக்கு காட்டுனாங்க சார். மாமாவையும் கேட்டாங்க. கண்ணாடி எடுத்தாரலன்னு பொய் சொல்ட்டாரு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். "உங்க மாமாவுக்கும் நம்பரு தெரியலயா?" என்று கேட்டார்.

அந்த வாரமே ஒரு நாள், ஷிப்ட் நேரத்தில் மாமா வீட்டில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி ஷூ வாசலில் கிடந்தது. என்னைச் சமாதானப்படுத்தத்தான் லீவு போட்டிருக்கிறார் என்று நினைத்து, இன்னும் இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.