ஹான்னா சாப்பிட வந்த நாள்

உலகம்மாள் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரகடம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கணவர் வனமாமலை, கார்களை ஏற்றிப் போகும் டிரெய்லர் ஓட்டினார். வடக்கே போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. உலகம்மாளுக்கு, கார்களுக்குள் போகும் வயர்களைக் கட்டும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மகள் வேல்விழியோடு வல்லக்கோட்டை ரோட்டில், கனகலட்சுமி என்பவரின் வீட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறையில் குடியிருந்தாள்.

2012-இல் வேல்விழியின் பள்ளிக்கூடமும் போலந்து நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு ஜோடி. வேல்விழிக்கு வாய்த்தவள் ஹான்னா. கரண்ட் இருக்கிற வாரங்களில் கம்ப்யூட்டர் அறையில் இருவரும் முகம் பார்த்துப் பேசுவார்கள். கேட்டதையெல்லாம் வேல்விழி அம்மாவிடம் வந்து கொட்டுவாள்.

"கிறிஸ்துமஸுக்கு மொத நாள் ராத்திரி சாப்பிடறப்ப, அங்க ஒரு தட்டு காலியாவே வைப்பாங்களாம்மா. சொல்லாம யாராவது வந்துட்டா போடறதுக்கு."

"நல்ல மனுசங்கதான் போலிருக்குட்டி" என்றாள் உலகம்மாள். மறுநாள் கம்பெனியில், லைனில் பக்கத்தில் நின்று வேலை செய்த பெண்ணிடமும் அதைப் பெருமையாகச் சொன்னாள்.

பிப்ரவரியில் அந்தப் பிள்ளைகள் இங்கே வந்தார்கள். ஒருநாள் மதியம் ஒவ்வொருவரும் தங்கள் ஜோடியின் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று பள்ளியில் முடிவானது. உலகம்மாள் விடிவதற்கு முன்பே எழுந்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டினாள். சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் மூடி வைத்துவிட்டுக் காலை ஷிப்டுக்கு ஓடினாள். பாதி ஷிப்டில் வந்துவிடலாம் என்று சூப்பர்வைசர் டில்லிபாபு முந்தின நாளே தலையாட்டியிருந்தான்.

ஆனால் அன்றைக்கு லைனில் நாலு பேர் வேலைக்கு வரவில்லை.

"இன்னாக்கா பண்றது? நீயும் பூட்டா லைன் நின்னுடும். கேட் பாஸ் தர மாட்டேன்றாங்க."

"வெளிநாட்டுப் புள்ள வீட்டுக்கு வருது தம்பி. நேத்தே சொன்னேம்லா."

"சொன்னது கரெக்டுதாங்கா. என் கையில இன்னா கீது?"

அவன் கெட்டவன் இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்து போனான். செல்போனை உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால் மகளுக்குத் தகவல் சொல்லவும் வழியில்லை. வயர்கள் பெல்ட்டில் வந்துகொண்டே இருந்தன. அவள் கட்டிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் வந்தபோது பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

"உன் ரூமாண்ட கரண்ட் இல்ல. எங்க ஹால்ல இன்வெர்ட்டர் கீதேன்னு அங்க குந்த வெச்சேன். அந்தக் களிய அது கேட்டுக் கேட்டுத் துன்னுச்சு" என்றார் கனகலட்சுமி சந்தோஷமாக.

தங்கள் அறைக்கு வந்த பிறகுதான் வேல்விழி சொன்னாள்.

"அவங்களத்தான் என் அம்மான்னு ஹான்னா நெனச்சுக்கிச்சும்மா."

"நீ சொல்லலியாட்டி?"

"சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவங்களக் கட்டிப்பிடிச்சுக்கிச்சு. கூட வந்த டீச்சர் போட்டோ எடுத்தாங்க. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

உலகம்மாளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. இடம் கொடுத்து உபசரித்தவர் மேலா? பதினாலு வயதுப் பிள்ளை மேலா? மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கோடை விடுமுறைக்கு முன்பு, கம்ப்யூட்டரில் பேசுவதைப் பார்க்கப் பெற்றோரையும் அழைத்தார்கள். உலகம்மாள் இந்த முறை லீவே போட்டுவிட்டாள். வராண்டா சுவரில் 'வேல்விழியின் குடும்பம்' என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. நடுவில் கனகலட்சுமி, இரண்டு பக்கமும் வேல்விழியும் ஹான்னாவும். அதைத் தாண்டி உள்ளே போய் மகளுக்குப் பின்னால் நின்றாள்.

திரையில் ஹான்னா சிரித்தாள். பின்னால் நிற்பவளைக் காட்டி ஏதோ கேட்டாள். வேல்விழி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. மறுபடி திரைப்பக்கம் திரும்பி, மெதுவாக, "மை ஆன்ட்டி" என்றாள்.

அந்த அளவுக்கு இங்கிலீஷ் உலகம்மாளுக்குத் தெரியும்.

ஹான்னா கையசைத்தாள். உலகம்மாளும் கையைத் தூக்கி அசைத்தாள். டீச்சர் அதற்குள் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டுவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் வேல்விழி விசும்பி விசும்பி அழுதாள். "அடுத்த தடவ சொல்லிடறேம்மா."

"சரிட்டி. பஸ் வருது, ஏறு."

ஜூனில் பள்ளி திறந்தபோது பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வுப் படிப்பு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். போலந்து ஏற்பாடு கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போனது.