பங்களா வாசலில் ஒரு ஹார்ன்

டயகமவில் ஹட்டன் பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டவர் அவர். காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி, வெற்றிலைச் சிவப்பேறிய பல். முன்னால் அவர் மனைவி. பின்னால் ரேடியோவில் பாட்டுக் கேட்டபடி மகள், அவள் பக்கத்தில் நான்.

வழியில் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் ஹார்னை அழுத்தினார். சத்தமே வரவில்லை. காரை அங்கேயே நிறுத்திவிட்டார்.

"எப்பப் போனாலும் இங்க ஒரு ஹார்ன் அடிச்சாகணும் இவருக்கு," என்றார் மனைவி.

ஸ்டியரிங்குக்குக் கீழேயுள்ள மூடியைத் திறந்து, ஒரு ஃபியூஸை நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கம்பி கருகி அறுந்திருந்தது. கைவசம் வேறு இல்லை. ரேடியோவின் ஃபியூஸைப் பிடுங்கி, அதே நம்பர்தானா என்று பார்த்தார். பாட்டு நின்றது.

காவல்காரர் ஓடிவந்தார். "இங்க வண்டி நிப்பாட்டக் கூடாதுங்க. தொரை பார்த்தா ஏசுவாரு."

"பார்க்கட்டும். அந்தக் காலத்துல எங்கப்பா இந்த எடத்துல சைக்கிள விட்டு எறங்கி உருட்டிக்கிட்டுத்தான் போகணும். ஓட்டிக்கிட்டுப் போனா வேலை போயிரும். நான் ஹார்ன் அடிச்சிட்டுத்தான் போவேன்."

"ஹட்டன்ல புது ஃபியூஸ் வாங்கி ஹார்னுக்குப் போடலாமேப்பா," என்று சிணுங்கினாள் மகள்.

"பாட்ட ஹட்டன்ல போய்க் கேளு. இந்தப் பங்களா ஹட்டன்லயா இருக்கு?"

ஃபியூஸை அழுத்திப் பொருத்திவிட்டு நீளமாக ஒரு ஹார்ன் அடித்தார். பங்களா நாய்கள் குரைத்தன. எனக்கும் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஹட்டன்வரை எத்தனையோ வளைவுகள். வேறெங்கும் அவர் ஹார்னைத் தொடவேயில்லை.